ஆறு மணிக்கு ஏன் பந்தடி?

சுவிஸில் உணவகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நாளின் நடுவே ஒரு ஓட்டை இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த கடைசி ஆளும் கோப்பியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனதும், இரண்டரை மணியளவில், எங்களை வெளியே விட்டுவிடுவார்கள். பிறகு ஐந்து மணிக்கு வந்தால் போதும். இதற்குச் சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். தமிழில் அறைநேரம் என்று சொல்லலாம். முந்தி வேலையாட்கள் அந்தந்த விடுதியின் மாடியிலேயே தங்கியிருந்த காலத்தில், போய்ச் சற்றுச் சரிந்துவிட்டு வா என்று அனுப்பிய நேரமாம். இப்போது எங்களுக்கு மாடியில் அறை இல்லை. நேரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போய்வரலாம் என்றால் ரயில் ஏறி இறங்கவே அது முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து வேலணையில் இருக்கும் என் அண்ணாவுக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படியென்றால் அந்த நேரம் நீ வேலையிலா வீட்டிலா என்று கேட்டார். இரண்டிலும் இல்லை என்றேன்.

நான் வேலை செய்யும் ஊரின் பெயர் தூண். கோயில் தூணை நினைக்க வேண்டாம். பனிமலைகள் சூழ்ந்த ஒரு ஏரியின் வாயில் இருக்கும் பட்டணம் அது. வெயில் நாட்களில் அந்த ஓட்டை நேரத்தில் ஏரிக்கரை மரவாங்கில் போய் இருப்பேன். குளிர் நாட்களில் உணவகத்தின் நிலவறைதான் கதி. உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கும் பியர்ப் பீப்பாய்களுக்கும் நடுவே ஒரு கதிரை போட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கதிரையில் இருந்து கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் நடக்கும் உதைபந்தாட்டம் நேரலையில் வந்து நின்றது. நான் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்த அதே நிமிடத்தில் நடுவர் ஊதினார். என்ன பொருத்தம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் வேலணையில் பிறந்து வளர்ந்தவள். அந்த மைதானம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஆனால் ஒரு நாளும் அதற்குள் கால் வைத்தவளல்ல. பெண்பிள்ளைகளுக்குப் பந்தடியில் என்ன வேலை என்பது அந்தக் காலத்து வழக்கம். பேருந்தில் போகும்போது மதிலுக்கு மேலால் எழும்பி விழும் பந்து ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். அடித்தவன் யார், அது எங்கே போய் விழுந்தது என்று அறியாமலே எங்கள் பேருந்து போய்விடும். ஆக, பந்து நிலத்தில் எப்படி ஓடுகிறது என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது தூணில், நிலத்துக்குக் கீழே இருந்துகொண்டு. அதன் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. "உமக்கு நாப்பத்தெட்டு வயசில பந்துக் காய்ச்சல்" என்று என் கணவர் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காய்ச்சலுக்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் அந்த ஊர் அணியின் கோல் காப்பாளர் றெஜி. முப்பது வயதிருக்கும், நெடுவல் ஆள், நண்டு வலைத் தொழில். பந்து காலைவிட்டுப் புறப்படுமுன்னரே அவர் பாய்ந்துவிடுவார் போல் இருக்கும். மற்றவர் நேர்முக வர்ணனை செய்யும் யூட். கழகத்தின் செயலாளரும் அவர்தான், படம் பிடிப்பதும் அவர்தான். மூச்சு விடாமல் கதைப்பார். பந்து நடுக்கோட்டில் இருக்கும்போதே கோல் விழப்போகிறது என்று நம்ப வைத்துவிடுவார். இடையிடையே விளம்பரமும் சொல்வார். அதுவும் சும்மா அல்ல. கோணர் உதை ஒவ்வொன்றையும் எங்களுக்கு வழங்குவது சூரிச்சில் இருக்கும் ஒரு நகைக்கடை. மஞ்சள் அட்டையை வழங்குவது பேர்ணில் இருக்கும் ஒரு சாரதிப் பயிற்சிக்காரர். காயப்பட்டவர் நிலத்தில் கிடந்து உருளும்போது, லண்டனில் இருக்கும் ஒரு காப்புறுதி முகவரின் பெயர் வரும். முதலில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு பழகி, கோணர் உதை என்றாலே அட்டியல் ஞாபகம் வரும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒரு நாள் றெஜி தண்ட உதை ஒன்றைத் தடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் தலைமைச் சமையற்காரர் உர்ஸ் படியால் ஓடி வந்துவிட்டார். பீப்பாய் ஏதோ என் காலில் விழுந்துவிட்டது என்று நினைத்தாராம். நான் திரையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். செம்மண்ணும் பனைமரமும் மின்விளக்கும் கீழே ஓடிக்கொண்டிருந்த தமிழ் எழுத்துகளும். வேர் த்ஸால்ட் தாஸ் என்று கேட்டார். இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பொருள். எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. என் உடைந்த ஜெர்மனில் நகைக்கடையில் தொடங்கி, சாரதிப் பயிற்சி, காப்புறுதி, பாரிஸில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், ரொறன்ரோவில் வீடு விற்பவர் என்று நீளமாகச் சொன்னேன். உர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், தான் கேட்டது அதுவல்ல என்றார். நான் உணவகத்தின் இணையத்தில் பார்க்கிறேனா, என் சொந்தச் செலவில் பார்க்கிறேனா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேலே அட்டையால் காசு எடுக்கும் இயந்திரம் அந்த நேரத்தில் திக்கித் திணறுகிறதாம்.

அவர் போய்விட்டார். ஆனால் அவர் கேட்காத அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அதன் பிறகு நான் பந்தைப் பார்த்த அளவுக்குத் திரையின் ஓரங்களையும் பார்க்கத் தொடங்கினேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற இலக்கம் மூலையில் இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அது மளமளவென்று ஏறும். சுவிஸ் நேரம் ஐந்து மணியை நெருங்கும்போது, தண்ணீர்த் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கியதுபோல் இறங்கும். "குசினிக்குப் போகோணும், கெதியா முடியுங்கோ" என்று கீழே எழுதுவார்கள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. சுவிஸில் இரண்டரை மணி என்றால் கோடையில் ஊரில் ஆறு மணி. அவர்கள் ஆறு மணிக்குப் பந்து அடிப்பது எங்களுக்காக. இடைவேளையை ஐந்து நிமிடமாகக் குறைத்திருப்பது எங்களுக்காக. சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரம் கொடுக்காமல் நேரே தண்ட உதைக்குப் போவதும், நாங்கள் ஐந்து மணிக்கு வெங்காயம் வெட்டப் போகவேண்டும் என்பதற்காக. ஒரு நாட்டின் சமையலறை விதி, எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு விளையாட்டின் விதியை மாற்றியிருக்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிலவறைக்குள் எழும்பி நடந்தேன். எங்களை யாரும் மறக்கவில்லை, எங்கள் கடிகாரத்தை அங்கே தூக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது எங்களுக்குப் புதிதும் அல்ல. என் அப்பா மாத்தறையில் கடை வைத்திருந்தார். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளின் ஆண்கள் அப்படித்தான், தெற்கிலே ஏதோ ஒரு பட்டணத்தில் கல்லாவில் இருந்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு அங்கே ஊர்கள் அடங்கிப்போகும், கடைகளைப் பூட்டுவார்கள். அந்தக் கிழமையில் ரயில் பிடித்து வந்து இறங்குவார்கள். எங்கள் ஒழுங்கையில் கலியாணமா, சாமத்தியச் சடங்கா, வீடு குடிபுகுதலா, எல்லாம் அந்த நாட்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வரும். சின்ன வயதில், நல்ல நாள் ஏன் எப்போதும் அப்பா வீட்டில் நிற்கும்போதே வருகிறது என்று நான் வியந்திருக்கிறேன். கிரகங்கள் எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்று நினைத்திருந்தேன். சாத்திரியார் பஞ்சாங்கத்தோடு கடைக்காரரின் விடுமுறையையும் சேர்த்துத்தான் பார்த்தார் என்பது இப்போது விளங்குகிறது. காசு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் நேரமும் வந்தது.

போன ஆடி மாதம் ஊருக்குப் போனேன். பெட்டியில் சொக்லேற்றுக்கு அடியில், தூணில் மலிவு விற்பனையில் வாங்கிய கோல் காப்பாளர் கையுறை ஒரு சோடி இருந்தது. வந்து இறங்கி இரண்டாவது ஞாயிறு அரையிறுதி. அண்ணா ஓட்டோ பிடித்துத் தந்தார். மைதானத்துக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தபோது என் நெஞ்சு அடித்த அடி, கலியாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை. கோயில் ஒரு பக்கம், மறுபக்கம் கடல். திரையில் கடல் தெரிவதே இல்லை, ஏனென்றால் யூட் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியின்மேல் நின்று படம் பிடிப்பார். என்னைக் கண்டதும், ஒவ்வொரு கிழமையும் சத்தம் போட்டு எழுதுகிற தூண் அக்கா நீங்கள்தானா என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். ஜெனறேற்றர் உறுமத் தொடங்கியது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின. நான் மனதுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் கரைப்பக்கமாகப் பாய் விரித்து இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் மடியில் பிள்ளையோடு இருந்தாள். பெயர் மெற்றில்டா. றெஜியின் மனைவி என்று அறிந்ததும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறையைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்கு எதைப் பார்த்தாலும் அழகாகத் தெரிந்த நேரம் அது. கரையில் வரிசையாக நின்ற வள்ளங்களைக் காட்டி, எல்லாமே பந்து பார்க்க வந்து நிற்பதுபோல் இருக்கிறது, எவ்வளவு வடிவு என்றேன்.

"ஓம் அக்கா, வடிவுதான்," என்றாள் மெற்றில்டா. "இண்டைக்குத் தொழில் இல்லையெல்லோ."

நான் விளங்காமல் பார்த்தேன். அவள் கோபமில்லாமல், பிள்ளையின் தலையைத் தடவியபடி சொல்லிக்கொண்டு போனாள். சனி இரவும் ஞாயிறு பகலும் கடலுக்குப் போக மாட்டார்கள், ஞாயிறு தேவாலயத்தில் பூசை. அதனால் திங்கள் விடிய வரும் நண்டுக்குத்தான் கிழமையிலேயே நல்ல விலை. அதற்கு ஞாயிறு பொழுதுபட முன்னர் வலை விட வேண்டும். இருட்டிய பிறகு போனால் நல்ல இடங்களை மற்ற ஊர்க்காரர் பிடித்திருப்பார்கள். முன்னரெல்லாம் மூன்றரைக்குப் பந்து தொடங்கி, வெயில் தணியும்போது முடிந்துவிடும். விளையாடியவர்கள் மேலைக் கழுவிவிட்டு நேரே வள்ளத்தில் ஏறுவார்கள். இப்போது ஆட்டம் முடிய எட்டு மணி. ஆட்டக்காலம் முழுக்க ஞாயிற்றுக் கடல் போய்விடுகிறது. றெஜி போகும் வள்ளம் மெற்றில்டாவின் தமையனுடையது. இன்னும் ஒரு ஞாயிறு வராவிட்டால் வேறு ஆளைச் சேர்ப்பேன் என்று தமையன் சொல்லிவிட்டாராம். இன்று வென்றால் அடுத்த ஞாயிறு இறுதியாட்டம். வெல்ல வேண்டும் என்று கும்பிடுவதா தோற்க வேண்டும் என்று கும்பிடுவதா என்று தனக்குத் தெரியவில்லை என்றாள்.

நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கக்கூடாதா என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்கட ஆக்களுக்கு அப்பதானே பாக்க ஏலும்."

அவள் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னாள். நான் நிலவறையில் எழும்பி நடந்து பெருமைப்பட்ட அதே சங்கதிதான். அதற்கு இந்தப் பக்கம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டரை மணிக்கு எனக்குக் கிடைக்கும் சம்பளமில்லாத நேரம், கடல் தாண்டி வந்து இவளுக்குச் சம்பளமில்லாத இரவாக மாறியிருந்தது. என் பெருமை அப்படியே இருக்க, அதன்மேல் வேறு ஏதோ வந்து ஏறிக்கொண்டது. வெட்கமா, கோபமா தெரியாது. எழும்பி யூட்டிடம் போனேன்.

ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்கள் இருந்தன. யூட்டுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அவருடைய தகப்பனும் வலைக்காரர்தான். ஆட்கள் பார்க்காவிட்டால் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாவிட்டால் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார். விளக்கு ஏன் வேண்டும் என்று கேட்டேன். ஆறு மணிக்கு விளையாடுவதால் என்றார். ஆறு மணிக்கு ஏன் விளையாட வேண்டும் என்று கேட்டேன். விளம்பரத்துக்கு என்றார். அதைச் சொன்னதும் அவரே நிறுத்திவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். ஆனால் அது மட்டும் இல்லை அக்கா என்றார் பிறகு. காலணி, சீருடை, மைதானத்து வேலி, போன வருடம் றெஜியின் தோள்மூட்டு விலகியபோது யாழ்ப்பாணத்தில் பார்த்த வைத்தியம், எல்லாம் அந்தக் காசில்தான். ஒரு நூலை இழுத்தால் எது அவிழும் என்று தனக்குத் தெரியவில்லை என்றார். அது உண்மை. எனக்கும் தெரியவில்லை.

முதல் பாதியில் எங்கள் பக்கம் ஒரு கோல் போட்டது. இடைவேளையில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பேசவைக்கும் வழக்கப்படி, யூட் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். இரண்டு வார்த்தை வாழ்த்துச் சொல்லி விடுவேன் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கைத்தொலைபேசியின் அந்தச் சின்னக் கண்ணுக்கு முன்னால் நின்றபோது, அதற்குப் பின்னால் எத்தனை நிலவறைகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

"நான் சுவிஸில ஒரு குசினியில வேலை செய்யிறனான்," என்று தொடங்கினேன். "உங்களில கனபேர் இப்ப என்னைப் போல இடைவேளையில இருந்துதான் பாக்கிறியள். அதுக்காகத்தான் இஞ்ச ஆறு மணிக்குப் பந்து. இஞ்ச வள்ளமெல்லாம் கரையில நிக்குது. பைனலை மூண்டரைக்கு வைச்சா இவை விளையாடிப்போட்டுத் தொழிலுக்குப் போகலாம். எங்களுக்கு நேரடியாப் பாக்க ஏலாது, எனக்கும் ஏலாது. பிறகு பாப்பம். விளம்பரத்தை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."

யூட் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். கருத்துகள் பொலபொலவென்று விழத் தொடங்கின. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு வாசித்தோம். இவவிடம் மைக்கைக் கொடுத்தது யார் என்று ஒருவர். பார்ப்பதற்குத்தானே காசு தருகிறோம் என்று இன்னொருவர். பிறகு லவுசானில் இருந்து ஒருவர் எழுதினார்: "நான் வலை விட்டவற்ற மகன். மூண்டரைக்கு வையுங்கோ." அதற்குக் கீழே மூண்டரை, மூண்டரை என்று பலர். எதிர்த்தும் பலர். இலக்கம் மூலையில் ஏறிக்கொண்டே போனது. அன்றைய ஆட்டத்தில் அதிகம் பேர் பார்த்தது பந்தை அல்ல, அந்தச் சண்டையை.

இரண்டாம் பாதியில் றெஜி தடுத்தவற்றை நேரில் பார்த்தேன். திரையில் கேட்காத ஒரு சத்தம் இருக்கிறது, பந்து உள்ளங்கையில் அறையும் சத்தம். எங்கள் பக்கம் வென்றது. எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். மெற்றில்டா கத்தவில்லை, கைதட்டினாள்.

ஆட்டம் முடிந்து றெஜியிடம் கையுறையைக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார், விரல்களை விரித்து மடக்கினார், அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அக்கா, நீங்கள் எனக்காகத்தான் கதைச்சனீங்கள். ஆனா என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

நான் திகைத்துப்போனேன். அவர் கோபிக்கவில்லை. கடலில் இரவிரவாக வலை இழுக்கும்போது தன்னை ஒருவரும் பார்ப்பதில்லை என்றார். இந்த விளக்குக்குக் கீழே நிற்கும்போது, லண்டன் பார்க்கிறது, கனடா பார்க்கிறது என்று யூட் சொல்லும்போது, கை தானாகப் பாய்கிறது. தொழில் போவது தனக்கும் தெரியும், மச்சான் கோபிப்பதும் நியாயம். ஆனாலும் இந்த வெளிச்சம் இல்லாவிட்டால் தான் எப்படி விளையாடுவேனோ தெரியாது என்றார். அவருடைய பக்கத்தை நான் நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. ஊரில் எது நல்லது என்று வெளிநாட்டிலிருந்து வந்து ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேனே என்று, வீடு திரும்பும் வழி முழுக்க ஓட்டோவில் நினைத்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை எனக்கு விமானம். கட்டுநாயக்காவில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நிற்கும்போது யூட் அழைத்தார். இறுதியாட்டம் மூன்றரைக்கு. நகைக்கடைக்காரர் விலகிவிட்டாராம். சாரதிப் பயிற்சிக்காரர் நிற்கிறார், மரக்கறிக் கடைக்காரர் பகுதி தருகிறார், எண்ணெய்ச் செலவு மிச்சம், அடுத்த வருடச் சீருடை எப்படி என்று தெரியாது. ஆனால் முடிவெடுக்க வைத்தது நானோ கருத்து எழுதியவர்களோ அல்ல. எதிரணி அனலைதீவு. ஆறு மணி ஆட்டமென்றால் இருட்டில் கடல் தாண்டித் திரும்ப வேண்டும் என்பதால், இதுவரை அவர்களுடைய அணி மட்டும்தான் வந்துபோயிருக்கிறது. பகலில் வைத்தால் ஊரோடு வருவோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்களாம். றெஜி என்ன சொன்னார் என்று கேட்டேன். அனலைதீவு ஊரோடு வருகிறதென்றால் சரி என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை. தூணில் பன்னிரண்டு மணிக்கு உணவகம் நிரம்பி வழிந்தது. வெயில் அடித்தால் சுவிஸ் சனம் ஏரிக்கரைக்கு வந்துவிடும். நான் உருளைக்கிழங்கு றோஸ்தியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காற்சட்டைப் பையில் கைத்தொலைபேசி துடிக்கத் தொடங்கியது. முதலில் இடைவிட்டு, பிறகு ஓயாமல். பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணியளவில் அது பைக்குள் ஒரு பெரிய நண்டுபோல் பிறாண்டியது. ஏதோ நடந்துவிட்டது. யார் அடித்தார்கள்? சட்டியில் இருந்த றோஸ்தி கருகிவிட்டது. உர்ஸ் எட்டிப் பார்த்து, சுகமில்லையா என்று கேட்டார். சுகம், மிகவும் சுகம் என்றேன்.

இரண்டரைக்குப் படியால் இறங்கினேன். முடிவு கண்ணில் படாமல் இருக்க, திரையின் மேற்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு பதிவைத் திறந்தேன். மெற்றில்டாவின் குரல் செய்தி ஒன்று முன்னால் வந்து நின்றது. அதை மட்டும் கேட்டேன். அவள் முடிவைச் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "அக்கா, இவர் விளையாடின உடுப்போடயே வள்ளத்தில ஏறிப் போட்டார்," என்றாள், சிரிப்போடு. சீருடையில் அச்சிட்டிருந்த, விலகிப்போன நகைக்கடையின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு கடலுக்குப் போயிருக்கிறார்.

பிறகு ஆட்டம். யூட் இம்முறை கடலுக்கு முகத்தைத் திருப்பி நின்றிருந்தார், வருகிற சனத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக இருக்கும். அனலைதீவிலிருந்து வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, நாலு, பத்து, அதற்குமேல் எண்ண முடியவில்லை. கொடி பிடித்தபடி பெண்களும் பிள்ளைகளும் முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கினார்கள். இவ்வளவு சனத்தை நான் அந்தத் திரையில் கண்டதில்லை. மூலையில் இருந்த பழைய இலக்கங்களைவிட இவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் இவர்கள் கத்துவது கேட்டது. ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தது. கோணர் உதைக்குச் சொல்ல யூட்டிடம் பெயர் ஒன்றும் இருக்கவில்லை. பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டு, பிறகு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார். முதல் பாதியில் அவர்கள் ஒன்று, இரண்டாம் பாதியில் நாங்கள் ஒன்று. முடியும் நேரம் சமநிலை. நான் தண்ட உதைக்குத் தயாராகி நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். யூட் இந்த முறை மேலதிக நேரம் உண்டு என்று அறிவித்தார். ஒருவருக்கும் அவசரமில்லை, பொழுது இருக்கிறது என்றார்.

அந்த மேலதிக நேரத்தின் கடைசியில்தான் அது நடந்தது. அனலைதீவுக்காரர் ஒருவர் தனியாகப் பந்தோடு வருகிறார், எதிரே றெஜி மட்டும். விளக்கு ஒன்றும் இல்லை, சாய்ந்த வெயில் நேரே முகத்தில். அவர் கண்ணைச் சுருக்கியது தெரிந்தது. பாய்ந்தார். விரல் நுனியில் பந்து பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. அடுத்த நிமிடம் மறுமுனையில் எங்கள் பக்கம் கோல் போட்டது. நடுவர் ஊதினார். வேலி சாய்ந்து சனம் உள்ளே பாய்ந்தது. நிலவறைக்குள் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிக் கத்தினேன். முடிந்து இரண்டரை மணித்தியாலமான ஆட்டத்துக்குக் கத்தினேன்.

மூச்சு வாங்க நின்று நேரத்தைப் பார்த்தேன். ஐந்து மணியாகப் பத்து நிமிடம். ஊரில் எட்டு இருபது. அங்கே நன்றாக இருட்டியிருக்கும். றெஜி எழுவைதீவுக்கு அப்பால் எங்கேயோ வலையை இறக்கி முடித்து, ஒருவரும் பார்க்காத இடத்தில், மச்சானோடு வள்ளத்தில் சரிந்திருப்பார். திரையில் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவர் நிழல் மைதானத்தின் மறுகோடிவரை நீண்டு கிடந்தது. மேலே குசினியில் கத்தி தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது, நான் போகவேண்டும். ஏப்ரனைக் கட்டிக்கொண்டே இன்னொரு தடவை பார்த்தேன். என் உள்ளங்கையில் இருந்த ஊரில் இன்னும் வெயில் எறித்துக்கொண்டிருந்தது.